அக்கா பேரில் ஒரு கம்பெனி

அன்றைக்கு இருந்தவர்கள் என் அக்கா, அம்மா, நைனா, நான். அக்காவின் பிள்ளைகள் இரண்டு பேரும் இருந்தார்கள். பெரியவள் செல்போனை ஆடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். சின்னவன் அக்காவின் மடியை விட்டு இறங்க மாட்டேன் என்று அடம் பிடித்தான். இல்லாதவர் அக்காவின் கணவர், என் மாமா மட்டும்தான். பிறக்கப்போகிற கம்பெனி அவருடையது.

கூட்டக் குறிப்பு எழுதும்போது யார் வந்தார், யார் வரவில்லை என்றுதான் முதலில் பதிய வேண்டும். அது என் பிழைப்பு. சென்னையில் ஒரு வக்கீல் ஆபீசில் வேலை செய்கிறேன். கோர்ட்டுக்குப் போகிற வக்கீல் இல்லை. வளைகுடா நாடுகளில் ஃப்ரீ ஜோன் என்று தனியாகப் பிரித்து வைத்த வணிகப் பகுதிகள் உண்டு. வெளிநாட்டுக்காரர் ஒருவர் உள்ளூர்ப் பங்காளி இல்லாமல் அங்கே முழுக்கத் தன் பேரிலேயே கம்பெனி வைத்துக்கொள்ளலாம். அப்படி வைக்க வருகிறவர்களுக்கு எந்த மண்டலம், யாருக்கு எவ்வளவு பங்கு, யார் மேனேஜர், யார் கையெழுத்துப் போட்டால் பேங்க் பணம் கொடுக்கும் என்று வகுத்துக் கொடுப்பேன். ஒரு தாளில் கட்டங்கள் போட்டு, கோடு இழுத்து இணைத்து, இதுதான் உங்கள் கம்பெனி என்று காட்டுவேன். ஏலக்காய் விற்கிறவர், மென்பொருள் விற்கிறவர், கப்பலில் கல் ஏற்றுகிறவர் எல்லாரும் அந்தக் கட்டங்களைத்தான் பார்த்துத் தலையாட்டுவார்கள்.

புதுச்சேரிப் பக்கம் குருவிநத்தத்தில் எங்கள் வீட்டில் இதைப் புரிய வைக்க என்னால் முடிந்ததே இல்லை. நைனா கரும்பு வெட்டப் போனவர். அம்மா நடவுக்கும் களையெடுக்கவும் போனவள். அக்கா நாலாவதோடு நின்றுவிட்டாள். பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்த முதல் ஆள் நான்.

"வக்கீல்னா கருப்புக் கோட்டு போட்டுக்கினு கோர்ட்டுல நிக்கணும். இவன் இன்னாடான்னா கட்டம் போட்டுக்கினு உக்காந்துகிறான்" என்பார் நைனா.

"ஜோசியக்காரரும் கட்டந்தான் போடறாரு. அவுரு தட்சணை வாங்கறாரு, இவன் சம்பளம் வாங்கறான். சொம்மா கெட" என்று அம்மா எனக்குப் பரிந்து பேசுவாள்.

அக்காவை மதகடிப்பட்டுக்குப் பக்கத்தில் கொடுத்திருந்தோம். மாமா ஏசி மெக்கானிக். கல்யாணமான மறு வருஷமே வளைகுடாவுக்குப் போனவர், ஏணி பிடிக்கிற வேலையில் தொடங்கி, யாரோ ஒருவரின் கம்பெனிச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஊர் முழுக்க ஏசி சரி பண்ணினார். வாடிக்கைக்காரர்கள் கம்பெனியைக் கூப்பிடாமல் அவர் நம்பருக்கே கூப்பிட ஆரம்பித்தபோதுதான் அவருக்கு அந்த ஆசை வந்தது.

"மச்சான், ஊர்ல கீற பணக்காரனுக்கெல்லாம் கட்டம் போட்டுத் தர. எனக்கு ஒண்ணு போட்டுத் தாயேன்" என்றார் போனில். "பெருசா வாணாம். நம்ம பசங்க மூணு பேரு, நானு. ஒரு வேனு. அவ்ளோதான்."

சொந்த வீட்டில் ஒருத்தர் என் வேலையைக் கேட்டது அதுதான் முதல் தடவை. அன்று சாயங்காலமே போட்டு அனுப்பினேன். ஒரே ஒரு கட்டம். அதற்குள் மாமாவின் பெயர்.

அந்தக் கட்டத்தில் அவர் பெயர் ஒரு வாரம்கூட நிற்கவில்லை. அம்மா மாமாவின் ஜாதகத்தை எடுத்துக்கொண்டு மதகடிப்பட்டு ஜோசியக்காரரிடம் போய் வந்தாள். ஏழரைச் சனி நடக்கிறது, அது முடிகிறவரை எதுவும் அவர் பேரில் கூடாது என்று அவர் சொல்லிவிட்டார். எங்கள் பக்கத்தில் இது சாதாரணம். டிராக்டர் வாங்கினாலும், மனை வாங்கினாலும், போர் போட்டாலும், வீட்டில் யாருக்கு நேரம் நன்றாக இருக்கிறதோ அவர் பேரில்தான் போடுவார்கள். கைக்குழந்தை பேரில் ஓடுகிற லோடு ஆட்டோக்கள் எங்கள் கொம்யூன் பஞ்சாயத்தில் எத்தனையோ உண்டு. மாமா முன்பு தன் பேரில் வாங்கிய மினி வேன் வாங்கின மாதமே கவிழ்ந்தது. அதிலிருந்து அவருக்கும் பயம்.

"அவ பேர்ல போட்று மச்சான்" என்றார். "அவளுக்குக் குரு பாக்கறாராம். நான் ஓடியாடி வேல செய்றன். பேரு அவளுதா இருக்கட்டும்."

கட்டத்துக்குள் அக்காவின் பெயரை எழுதினேன். நூறு சதவீதப் பங்கும் அவளுக்கு. மாமா வெறும் மேனேஜர். பேங்க் கணக்கை இயக்க, கையெழுத்துப் போட, லைசென்ஸ் புதுப்பிக்க, அக்கா அவருக்கு ஒரு பவர் பத்திரம் எழுதிக் கொடுப்பாள். என் சீனியர் அம்மையார் அதைப் பார்த்துவிட்டு, "ஒரே ஆள் பேர்லயா? அவங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா என்ன பண்ணுவாங்க? உயில் ஒண்ணு பதிஞ்சு வெச்சிடு" என்றார். எல்லா வாடிக்கையாளருக்கும் சொல்வதுதான். உயிலையும் தட்டச்சு செய்து எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன்.

நான் முதலில் சொன்ன அந்த நாள் அதுதான். பேங்க்காரர் வீடியோவில் உரிமையாளரைப் பார்க்க வேண்டும். அக்கா குருவிநத்தத்துக்கு வந்திருந்தாள். வேலைக்குக் கட்டிக்கொண்டு போகிற சேலையை மாற்றிப் பட்டுச் சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்திருந்தாள். கேட்கப்போகிற கேள்விகளுக்கு நான் சொல்லிக் கொடுத்த பதில்களை முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். திரையில் வந்தவர் மலையாளி, தமிழ் தெரிந்தவர்.

"உங்க கம்பெனி என்ன தொழில் செய்யப் போகுது?"

"ஏசிங்க சார்."

"ஏசி விக்கறதா, ரிப்பேரா?"

"ரிப்பேருதான் சார். சூடா இருந்தா ஜில்லுனு பண்ணிக் குடுப்போம்."

அவர் சிரித்துவிட்டார். பாஸ்போர்ட்டைக் காட்டச் சொன்னார், காட்டினாள். கையெழுத்துப் போட்டுக் காட்டச் சொன்னார். தமிழில் ஒவ்வொரு எழுத்தாக, நாக்கைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு எழுதினாள். எல்லாம் முடிந்தது என்று அவர் சொன்னதும், "நீங்க சாப்ட்டீங்களா சார்?" என்று கேட்டாள். இது நான் சொல்லிக் கொடுக்காதது. "சாப்ட்டேன் மேடம்" என்றார் அவர். போன் அணைந்த பிறகு, "மேடம்னு சொன்னான் கேட்டியாடா?" என்று என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

வீடு முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தது. அந்தச் சந்தோஷத்தோடு சந்தோஷமாக நான் உயிலை எடுத்தேன்.

"இது இன்னாடா?"

"உயில்கா. உனக்கு எதனா ஆச்சுன்னா கம்பெனி மாமாவுக்குப் போவணும்னு எழுதறது. எல்லாரும் எழுதுவாங்க."

அம்மா அடுப்பங்கரையிலிருந்து கையில் கரண்டியோடு வந்தாள். "இன்னா சொன்ன? மஞ்சக் குங்குமத்தோட குத்துக்கல்லாட்டம் உக்காந்துகிறா பொண்ணு. அவளாண்ட உயிலு எழுதுன்றியா? இத்தப் படிக்கத்தான் உன்ன மெட்ராஸுக்கு அனுப்சனா?"

"அம்மா, இது சட்டம்மா..."

"வாயக் கழுவுடா மொதல்ல!"

அக்கா மட்டும் சிரித்தாள். "வுடும்மா. டேய், நான் செத்தா ஏசி கம்பெனி உனக்குத்தான்டா. நீயே ஏணி மேல ஏறு." அம்மா அவள் வாயிலும் ஒன்று போட்டாள். மாமாவிடம் போனில் சொன்னபோது அவரும், "நல்ல காரியம் ஆரம்பிக்கறப்ப அதெல்லாம் வாணாம் மச்சான், அப்பறமா பாத்துக்கலாம்" என்றார். தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன். பவர் பத்திரத்தில் மட்டும் அக்கா கையெழுத்துப் போட்டாள்.

கம்பெனி நன்றாகத்தான் நடந்தது. மாமா நம் பக்கத்துப் பிள்ளைகள் மூன்று பேரை எடுத்துக்கொண்டார். மூவருக்கும் கம்பெனி பேரில் விசா. அதில் ஒருவர் திருக்கனூர்க்காரர், பேச்சுக்குப் பேச்சு சிரிக்க வைப்பவர். வேனின் பக்கவாட்டில் கம்பெனிப் பெயரை எழுதி மாமா படம் அனுப்பினார். அக்கா அதைத் திருபுவனையில் தன்னோடு மாத்திரை பேக்கிங் செய்கிற பெண்களிடம் காட்டினாள். அதிலிருந்து மாத்திரைக் கம்பெனி வேனில் ஏறினால், "மொதலாளியம்மா வந்துட்டாங்கடி, ஜன்னலோர சீட்டக் குடுங்க" என்பார்களாம். வெளிநாட்டில் நூறு சதவீதப் பங்கு வைத்திருக்கிற ஒருத்தி, தலையில் வலைத்தொப்பி போட்டுக்கொண்டு, நாள் முழுக்க நின்றபடி அட்டைப் பெட்டி மடித்துக்கொண்டிருந்தாள். "நீ ஏன்கா இன்னும் போற?" என்று கேட்டால், "வூட்ல உக்காந்து இன்னா பண்றது? ஓனருன்னா வேல செய்யாம சோறு எறங்கிடுமா?" என்பாள்.

அங்கே எது செய்ய வேண்டுமென்றாலும் ஓடிபி எண் அக்காவின் போனுக்குத்தான் வரும். மாமா லைனில் இருக்க, அவள் ஒவ்வொரு எண்ணாக வாசிப்பாள். எண் முடிந்த பிறகும் இரண்டு பேரும் போனை வைக்க மாட்டார்கள். வாரத்தில் இரண்டு மூன்று தடவை கம்பெனி இப்படி அவர்களைப் பேச வைத்தது.

ஒரு நாள் பேக்கிங் மேசையில் தலை வலிக்கிறது என்று உட்கார்ந்தாள். எழுந்திருக்கவில்லை. மூளையில் நரம்பு வெடித்துவிட்டது என்றார்கள் பெரிய ஆஸ்பத்திரியில். மறுநாள் போய்விட்டாள்.

மாமா வந்து சேரும் வரை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தோம். பூவும் பொட்டுமாகப் போகிறாள், கொடுத்து வைத்தவள் என்று வந்தவர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதைக் கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏர்போர்ட்டிலிருந்து நேராக வந்த மாமா பையைக்கூடத் தோளிலிருந்து இறக்கவில்லை. பெட்டிக்கு எதிரில் நின்றார். அழவில்லை. பிறகு கால்மாட்டில் குனிந்து, ஓடிக்கொண்டிருந்த கம்ப்ரசரில் காதை வைத்தார்.

"சரியா இழுக்கல. கூலிங் பத்தாது இவளுக்கு" என்றார்.

தோளில் கிடந்த துண்டை எடுத்து, பெட்டியின் பக்கவாட்டில் அடைத்திருந்த தூசியைத் துடைத்தார். விரலை விட்டு மூலை மூலையாக வழித்தார். மோட்டாரின் இரைச்சல் தணிந்தது. கண்ணாடியில் கை வைத்துக் குளிர்ச்சி ஏறுகிறதா என்று பார்த்தார். அதற்கப்புறம்தான் அந்தக் கண்ணாடி மேல் கவிழ்ந்தார். நைனாவும் நானும் சேர்ந்து தூக்கவேண்டியிருந்தது.

கருமாதி முடிந்த மறுநாள் திருக்கனூர்க்காரர் அங்கிருந்து மாமாவைக் கூப்பிட்டார். லைசென்ஸ் புதுப்பிக்கிற கெடு நெருங்கிவிட்டது. விட்டால் தினத்துக்கும் அபராதம், மூன்று பேரின் விசாவும் நின்றுபோகும். வீட்டுக்குள் அம்மா, நைனா, மாமா, நான். பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தோம்.

"பவரு என்னாண்டதான கீது மச்சான். நானே கையெழுத்துப் போட்டுக் கட்டிர்லாம்ல?" என்று மாமா கேட்டார்.

இதற்கான பதில் எனக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும்.

"மாமா, அந்தப் பவரு இப்ப செல்லாது. குடுத்தவங்க போய்ட்டா, பவரும் அவுங்களோட போய்டும்."

"எப்போ?"

"அந்த நிமிஷமே."

"அப்ப நான் கம்பெனி கார்டுல டிக்கெட் போட்டு வந்தனே. அப்பவே நான் யாரும் இல்லையா?"

"ஆமா மாமா."

மாமாவின் போன் ஸ்பீக்கரில்தான் இருந்தது. திருக்கனூர்க்காரர் தயங்கித் தயங்கிப் பேசினார். "அண்ணே, தப்பா எடுத்துக்காத. அண்ணி போனது இங்க யாருக்குத் தெரியும்? ஆன்லைன்லதான் கட்டப்போறம். ஓடிபி வந்தா அடிச்சு வுட வேண்டியதுதான். ரெனியூவல் ஆவட்டும். அப்பறமா நெதானமா பேரு மாத்திக்கலாம்ணே. எங்க மூணு பேரு பொழப்பு கீதுண்ணே."

அவர் சொன்னதில் ஒரு சொல்லைக்கூடத் தள்ள முடியவில்லை. அக்காவின் போன் அம்மாவின் மடியில்தான் இருந்தது. சார்ஜ் இறங்க விடாமல் அம்மா அதைப் போட்டுக்கொண்டே இருந்தாள்.

"நான் அதுல சேரக் கூடாது மாமா. செத்தவங்க பேர்ல கையெழுத்துப் போட்டா அது போர்ஜரி" என்றேன். என் குரல் ஆபீஸில் பேசுகிற குரலாக இருந்தது. எனக்கே பிடிக்கவில்லை.

அம்மா நிமிர்ந்தாள். "ஏன்டா சேரக் கூடாது? இங்கதான் தூக்கிக்கினு போய்ப் பொதைச்சிட்டம். அங்க எவனுக்கும் ஒண்ணியும் தெரியாது. அங்க அவ உசுரோடதான கீறா? இன்னும் ரெண்டு மாசம் ஒரு எடத்துலயாவது என் பொண்ணு உசுரோட இருந்துட்டுப் போவட்டுமேடா. உன் சட்டத்துக்கு அதுல இன்னாடா நஷ்டம்?"

நைனா எழுந்து வெளியே போய்விட்டார்.

மாமா அம்மாவின் மடியிலிருந்து போனை எடுத்தார். எடுத்துக் கையில் வைத்தபடியே இருந்தார். அவர் சரி என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் சரி என்று சொல்லவேண்டும் என்றும் எனக்குள் ஏதோ ஒன்று ஏங்கிக்கொண்டிருந்தது.

"வாணாம் அத்தே" என்றார் கடைசியில். "அந்த பேங்க்காரு மாசா மாசம் என்னப் பாக்கறப்பல்லாம் மேடம் நல்லா கீறாங்களா, சாப்ட்டாங்களான்னு கேப்பாரு. இனிமேலும் கேப்பாரு. நல்லா கீறா சார், சாப்ட்டா சாருன்னு நான் சொல்லணும். அப்டி சொல்ட்டு வந்து நான் எப்டி ஏணி மேல ஏறுவன்?" பிறகு என் பக்கம் திரும்பினார். "எழுதிரு மச்சான். இன்னா உண்டோ அத எழுதிரு."

அம்மா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். போனில் திருக்கனூர்க்காரர், "சரிண்ணே" என்று மட்டும் சொன்னார்.

எழுதினேன். ஆபீஸில் இப்படிப்பட்ட கடிதங்களை டீ குடித்துக்கொண்டே எழுதியிருக்கிறேன். பங்குதாரர் இன்ன தேதியில் காலமானார் என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம். அந்த வருத்தத்துடன் என்கிற சொல் அத்தனை நாளும் எனக்கு வெறும் இடைவெளி நிரப்பியாக இருந்தது. அன்று அந்தச் சொல்லைத் தாண்டி அடுத்த சொல்லுக்குப் போக முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஃப்ரீ ஜோன் ஆபீஸிலிருந்தும் பேங்க்கிலிருந்தும் பதில் உடனே, மிகவும் மரியாதையாக வந்தது. பேங்க் கணக்கு முடக்கப்பட்டது. பங்குகள் யாருக்கு என்று நீதிமன்ற உத்தரவு வேண்டும் என்றார்கள். இந்துச் சட்டப்படி அக்காவின் சொத்து மாமாவுக்கும் பிள்ளைகளுக்கும் சமமாகப் போகும். பிள்ளைகள் மைனர். அவர்கள் பங்கை அப்பா வைத்துக்கொள்ளவும் கோர்ட்டுதான் சொல்ல வேண்டும். முதலில் வாரிசுச் சான்றிதழுக்காக பாகூர் பக்கமும் வில்லியனூர் பக்கமும் தாலுகா ஆபீஸ்களில் நைனாவும் நானும் நின்றோம். மேசையில் இருந்தவர் கேட்டார், "எறந்தவங்க இன்னா தொழில் பண்ணாங்க?"

"மாத்திர பேக்கிங்" என்றார் நைனா.

"வெளிநாட்டுல கம்பெனி ஓனர்" என்றேன் நான்.

அவர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேரும் வெளிய போய்ப் பேசிட்டு, ஏதாவது ஒண்ணு சொல்லுங்கபா." வராண்டாவில் நின்று நைனா சிரித்தார். அக்கா போன பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

புதுச்சேரி கோர்ட்டில் எங்களுக்காக இன்னொரு வக்கீல் வாதாடினார். நான் பின் பெஞ்சில் மாமாவோடு உட்கார்ந்திருந்தேன். வாய்தா மேல் வாய்தா. உத்தரவு வந்தது. அதில் அரசு முத்திரை, அதற்கு மேல் டெல்லி முத்திரை, தூதரக முத்திரை, அப்புறம் அரபு மொழிபெயர்ப்பு. அந்த அரபுத் தாளில் அக்காவின் பெயர் எது என்று மாமா கேட்டார். தேடித் தொட்டுக் காட்டினேன். அந்த இடத்தைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவிவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

அதற்குள் அங்கே லைசென்ஸ் காலாவதியாகிக் கம்பெனியை ரத்து செய்திருந்தார்கள். மூன்று பேரில் இரண்டு பேருக்கு வேறு கம்பெனி கிடைத்தது. திருக்கனூர்க்காரர் ஊருக்கே வந்துவிட்டார், மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார். என்னைப் பார்த்தால் இப்போதும், "வக்கீல் சார்" என்று சிரிப்பார். ரத்தான கம்பெனியை முறையாக மூட, கணக்கு முடிக்கிற ஆளை வைக்க வேண்டும். மாமா போய் வேனையும் கருவிகளையும் கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டு, ஒரு பையோடு திரும்பி வந்தார். மதகடிப்பட்டில் ஒரு ஏசி கடையில் தினக்கூலிக்குப் போகிறார். பெரியவள் இப்போது தம்பிக்குத் தலை வாரிவிடுகிறாள்.

எல்லாம் முடிந்ததாகக் கடைசி மின்னஞ்சல் வந்த ஞாயிற்றுக்கிழமை நான் ஊரில் இருந்தேன். "அந்த ஒரு கடுதாசிக்கு மொத்தமா எத்தினிடா ஆச்சு?" என்று அம்மா கேட்டாள். அதுவரை யாரும் கேட்கவில்லை. நானும் கூட்டிப் பார்க்கவில்லை. லைசென்ஸ் அபராதம், விசா அபராதம், கணக்கு முடித்தவரின் கட்டணம், கோர்ட்டு, முத்திரைகள், மொழிபெயர்ப்பு, போக வர டிக்கெட், வேனிலும் கருவியிலும் போன நஷ்டம். முடக்கிய கணக்கில் இருந்தது அதற்கே சரியாகப் போய், மேலே மாமா வாங்கிய கடனும் சேர்ந்தது. எல்லாவற்றையும் அம்மாவுக்கு எதிரிலேயே கூட்டிச் சொன்னேன்.

பதினான்கு லட்சத்து அறுபத்தெட்டாயிரம் ரூபாய்.